கூலிக்கும் ஆற்றுக்கும் எந்த ஷரத்து? வர்த்தக ஒப்பந்தத்தில் டெல்டாக்காரர்கள் கேட்க வேண்டியது

வேதாரண்யம் பக்கம் ஓர் இறால் குட்டையில் அறுவடை நடந்த ராத்திரி அது. மணி மூன்றிருக்கும். ஏரேட்டரை நிறுத்திவிட்டு, மதகில் பைவலை கட்டித் தண்ணீரைத் திறந்திருந்தார்கள். கரையில் ஐஸ் பெட்டிகள். கம்பெனி ஆள் ஒரு கிலோ இறாலை நிறுத்து, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எண்ணினார். கிலோவுக்கு நாற்பது நின்றால் 40 கவுண்ட், ஐம்பது நின்றால் 50 கவுண்ட். எண்ணிக்கை கூடக் கூட விலை குறையும். நாற்பத்தாறு வந்தது. குட்டைக்காரர் ஒன்றும் பேசாமல் பீடியைப் பற்றவைத்தார்.

தார்ப்பாயில் குந்தி இறாலைத் தரம் பிரித்த ஏழெட்டுப் பெண்களில் எங்கள் சின்னம்மாவும் ஒருவர். கையுறை கிடையாது. ஐஸ் தண்ணீரிலேயே கிடந்து விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. இறாலின் தலைமுள் குத்திய இடங்கள் மட்டும் சிவப்பு. 2025-ல் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றி ஒரு மாதம் ஆகியிருந்தது. விலை விழுந்துவிட்டது என்று சொல்லி ஏஜெண்டு இரண்டு வாரக் கூலியை நிறுத்தி வைத்திருந்தார். "அவன் அங்க வரி போட்டா இங்க எனக்கு எதுக்குடா கூலி நிக்குது?" என்றார் சின்னம்மா, தலையைத் தூக்காமல்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கத்துக் குட்டைக்காரர்கள், விசைப்படகு வைத்திருக்கும் சிலர், திருப்பூரில் தையல் வேலை பார்த்துத் திரும்பிய பெண்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள் எனப் பதினைந்து பேர் கூடி, எம்.பி.க்கு ஒரு மனு கொடுப்பது என்று முடிவு செய்தோம். அமெரிக்கச் சந்தை இப்படி ஆட்டம் காட்டினால், அடுத்துப் பார்க்க வேண்டியது பிரிட்டனையும் ஐரோப்பாவையும்தான். பிரிட்டனோடு 2025 ஜூலை 24 அன்று இந்தியா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2007-ல் தொடங்கி 2013-ல் படுத்துப்போன பேச்சு, 2022-ல் மறுபடி எழுந்து உட்கார்ந்தது. இந்த ஒப்பந்தங்களில் வரி மட்டும் பேசப்படுவதில்லை. தொழிலாளர், சுற்றுச்சூழல் என்று தனி அத்தியாயங்களும் வருகின்றன. அவற்றில் எந்த மாதிரி ஷரத்து நமக்கு வேண்டும் என்று கேட்பது? எழுதும் வேலை என் தலையில் விழுந்ததால், உலகத்தில் இருக்கிற வகைகளை எடுத்துவைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று.

டெல்டா என்றால் நெல்தானே, இறாலுக்கு ஏன் போகிறாய் என்று கேட்கலாம். நம் நெல்லில் பெரும்பங்கு நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போய் ரேஷன் அரிசி ஆகிறது. குலைநோய்க்கு அடிக்கும் ட்ரைசைக்ளசோல் மருந்தின் எச்சத்துக்கு ஐரோப்பா 2018 முதல் வரம்பை இறுக்கியபோதுகூட, பதறியவர்கள் வடக்கே பாசுமதி போடுகிறவர்கள்தான். ஒப்பந்தம் நேராக வந்து தொடுவது நம் இறாலை, கடல் மீனை, திருப்பூருக்கும் கரூருக்கும் பஸ் ஏறும் நம் பிள்ளைகளை.

சரி, முதல் வழி: ஒப்பந்தத்தில் இந்தப் பேச்சே வேண்டாம் என்பது. இதை இளக்காரமாக ஒதுக்க முடியாது. இதற்காக உலக அரங்கில் மல்லுக்கட்டியவரே நம்ம ஊர்க்காரர். 1999-ல் உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் சியாட்டிலில் கூடியபோது, இந்தியாவின் வர்த்தக அமைச்சர் திருக்குவளையில் பிறந்த முரசொலி மாறன். தொழிலாளர் தரத்தை வர்த்தகத்தோடு முடிச்சுப் போட்டு, மீறுகிற நாட்டின் மேல் தடை விதிக்கும் நாளும் வர வேண்டும் என்கிற ரீதியில் அமெரிக்க அதிபர் கிளிண்டன் பேட்டி கொடுத்திருந்தார். இந்தியாவும் மற்ற வளரும் நாடுகளும் கொதித்துப்போயின. வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. குறைந்த கூலிதான் ஏழை நாட்டின் கையிலிருக்கும் பலம். 'உன் தொழிலாளி மேல் எனக்கு இரக்கம்' என்று சொல்லிக்கொண்டு பணக்கார நாடு தன் ஆலையைக் காப்பாற்றப் பார்க்கிறது. தொழிலாளர் விவகாரத்துக்கு ஐ.எல்.ஓ. என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இருக்கிறது, அங்கே பேசிக்கொள்ளலாம் என்பதுதான் அப்போது இந்தியாவின் வாதம். 1996-ல் சிங்கப்பூரில் வெளியான அமைச்சர்கள் அறிவிப்பும் ஏறக்குறைய இதே தொனிதான்.

அந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் ஷரத்து இல்லாததால் நாம் தப்பித்தோமா? 2025-ல் வந்த வரி எந்தத் தொழிலாளர் ஷரத்தையும் காட்டி வரவில்லை. அடிக்க நினைக்கிறவருக்குச் சாக்குத் தேவைப்படவில்லை. அடுத்து, ஐ.எல்.ஓ.விடம் தடி கிடையாது. சங்கம் வைக்கும் உரிமை, கூட்டுப் பேரம் இரண்டையும் சொல்லும் 87, 98 எண்ணுள்ள உடன்படிக்கைகளை இந்தியா இன்னும் ஏற்கவே இல்லை. அங்கே போகச் சொல்லிவிட்டு, அங்கேயும் கதவைப் பாதி சாத்தி வைத்திருக்கிறோம்.

இரண்டாவது வழி, அத்தியாயம் இருக்கும், தண்டனை இருக்காது. மீறினால் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசும். இந்தியா இப்போது பிடித்துக்கொண்டிருக்கும் வழி இதுதான். சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் நான்கும் சேர்ந்த எஃப்டா கூட்டமைப்போடு 2024 மார்ச்சில் கையெழுத்தாகி, 2025 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த ஒப்பந்தத்தில் இப்படி ஒரு அத்தியாயம் உண்டு. பிரிட்டன் ஒப்பந்தத்திலும் தொழிலாளருக்கும் சுற்றுச்சூழலுக்கும் அத்தியாயங்கள் உண்டு. தகராறு தீர்க்கும் நடுவர் ஏற்பாட்டுக்கு அவை வெளியே நிற்கின்றன. எஃப்டா ஒப்பந்தத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 15 ஆண்டுகளில் 10,000 கோடி டாலர் முதலீடு என்று ஒரு வாக்குறுதி இருக்கிறது. அது தவறினால், படிப்படியாகப் பேசிப் பார்த்துவிட்டு, இந்தியா வரிச்சலுகையைத் தற்காலிகமாகத் திரும்பப் பெற வழி வைத்திருக்கிறார்கள். ஆக, பல் வைக்கத் தெரியாமல் இல்லை. எந்த வாயில் வைப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

பேச்சு மட்டும் உள்ள அத்தியாயம் பயனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தென்கொரியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2011-லிருந்து இப்படியோர் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. கொரியா சங்க உரிமையில் வாக்குத் தவறுகிறது என்று ஐரோப்பா கிளப்பியது. 2021 ஜனவரியில் நிபுணர் குழுவின் அறிக்கை வந்தது. அபராதம் கிடையாது, வரி கிடையாது. இருந்தும் அந்த ஏப்ரலிலேயே கொரியா 87, 98 உட்பட மூன்று உடன்படிக்கைகளை ஏற்றுக்கொண்டது. நல்லதுதான். ஆனால் அங்கே சங்கங்கள் பலமாக இருந்தன, வெளியிலிருந்து வந்த அறிக்கையைக் கையில் பிடித்துத் தெருவில் நிற்க ஆள் இருந்தது. நம் குட்டைக்கரையில் இறால் தரம் பிரிக்கும் பெண்களுக்குச் சங்கமே கிடையாது. பத்து வருஷம் பொறுக்கச் சொன்னால் சின்னம்மாவுக்கு எழுபது வயதாகிவிடும்.

காகிதத்தில் வரும் பாதுகாப்பு எப்படிப் போகும் என்பதற்கு டெல்டாவுக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 1948-ல் மாயவரம் ஒப்பந்தம் வந்தது. பண்ணையாள் கூலிக்கு அளவு எழுதப்பட்டது. 1952-ல் தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளைக் காரணமில்லாமல் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் அவரே சமரச அதிகாரியிடம் மனுப் போடலாம். அந்தக் காலத்துக்கு அது எவ்வளவு பெரிய கதவு! பல மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? பண்ணையாள் வைத்துக்கொள்வதையே விட்டுத் தினக்கூலிக்கு மாறினார்கள். தினக்கூலிக்காரருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. கூலித் தகராறு முற்றி 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்த பிறகுதான், 1969-ல் கிழக்குத் தஞ்சைக்கு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. என் தாத்தாவுக்குச் சட்டத்தின் பெயர் தெரியாது. எந்த ஆபீசில், யாரிடம், எத்தனை நாளில் என்ற மூன்றைத்தான் கேட்பாராம். மற்ற வழிகளையும் நான் அந்த மூன்று கேள்வியை வைத்தே பார்த்தேன்.

மூன்றாவது வழி, நாட்டுக்கே தண்டனை. கேட்பதற்கு இதுதான் கடுமையானது. எங்கள் கூட்டத்தில் இளவட்டங்கள் இதற்குத்தான் கை தூக்கினார்கள். இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 27 சர்வதேச உடன்படிக்கைகளைக் கடைப்பிடிக்கும் ஏழை நாடுகளுக்கு ஐரோப்பா தரும் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை, போர்க்கால மனித உரிமை மீறல்களின் பேரில், இலங்கை 2010 ஆகஸ்டில் இழந்தது. காரணத்தை நம்மில் யாரும் குறை சொல்ல மாட்டோம். ஆனால் வரி ஏறியது ஏற்றுமதி ஆடையின் மேல். கட்டுநாயக்கா ஏற்றுமதி வலயத்தில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் அந்தப் போரை நடத்தியவர்கள் இல்லை. சலுகை திரும்பி வர 2017 மே ஆயிற்று. கவுதமாலா கதை இன்னும் மோசம். அங்கே தொழிலாளர் சட்டம் அமலாவதில்லை என்று 2008-ல் அமெரிக்கச் சங்கங்களும் கவுதமாலாச் சங்கங்களும் சேர்ந்து கொடுத்த புகாருக்கு, 2017 ஜூனில்தான் நடுவர் தீர்ப்பு வந்தது. சில இடங்களில் நீதிமன்ற உத்தரவையே அரசு அமல்படுத்தவில்லை என்பது உண்மைதான் என்றார்கள். ஆனால் அது 'வர்த்தகத்தைப் பாதிக்கும் விதத்தில்' நடந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று புகாரைத் தள்ளினார்கள். ஒன்பது வருஷம், மூன்று சொல்லில் போயிற்று.

நாட்டுத் தண்டனையின் இன்னொரு முகம் நம் கடற்கரையிலேயே இருக்கிறது. தை, மாசியில் நாகைக் கடற்கரையில் நடந்தால் செத்து ஒதுங்கிய பங்குனி ஆமை கண்ணில் படும். இழுவலை மடியில் சிக்கினால் மூச்சு விட மேலே வர முடியாமல் செத்துப்போகும். மடிக்கு முன்னால் சாய்வாக ஒரு கம்பித் தட்டி மாட்டினால், இறால் கம்பிகளுக்கு நடுவே புகுந்து மடிக்குப் போய்விடும், ஆமை தட்டியில் மோதி மேலே உள்ள திறப்பில் வெளியேறிவிடும். இப்படிப் பிடிக்காத கடல் இறால் எங்களுக்கு வேண்டாம் என்று அமெரிக்கா 1989-ல் சட்டம் போட்டது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு சொன்னது: நோக்கம் சரி, நடத்திய விதம் ஓரவஞ்சனை. கரீபியன் பக்கத்து நாடுகளுக்கு மூன்று வருஷ அவகாசம் கொடுத்தவர்கள், ஆசியாவுக்கு நான்கே மாதம் கொடுத்திருந்தார்கள். அமெரிக்கா விதிகளைத் திருத்திக்கொண்டு சட்டத்தை வைத்துக்கொண்டது. 2019-லிருந்து நம் கடல் இறால் அங்கே போவதில்லை.

எங்கள் கூட்டத்துக்கு வந்த படகுக்கார அண்ணன் ஒருவர், "நாடு முழுக்க மாட்டினாத்தான் சான்றுன்னா, நான் ஒருத்தன் மாட்டி என்ன ஆகப் போகுது தம்பி?" என்றார். அவர் தட்டியை எதிர்ப்பவர் இல்லை. நல்லது செய்கிறவனுக்கும் செய்யாதவனுக்கும் ஒரே விலை என்றால் யார் முதலில் மாட்டுவார்? அப்புறம், அந்தத் தடை கடல் இறாலுக்கு மட்டும். குட்டை இறாலுக்கு இல்லை. ஆமைக்காகப் போட்ட சட்டத்துக்குப் பக்கத்து வயலில் ஏறும் உப்பு கண்ணில் படாது.

நான்காவது வழிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 2020 ஜூலையில் அமெரிக்கா, மெக்சிகோ, கனடா ஒப்பந்தம் நடப்புக்கு வந்தபோது, 'விரைவு நடவடிக்கை' என்று ஓர் ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். புகார் ஒரு நாட்டின் மேல் இல்லை, ஓர் ஆலையின் மேல். அந்த நாட்டு அரசுக்கு விசாரிக்க 45 நாள். சரிசெய்யாவிட்டால் அந்த ஆலையின் சரக்குக்கு மட்டும் சலுகை போகும், மறுபடி மறுபடி நடந்தால் சரக்கே உள்ளே வராது. மெக்சிகோவின் சிலாவோ ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் பழைய சங்கம் தொழிலாளர் ஓட்டெடுப்பில் தில்லுமுல்லு செய்ததாக 2021 மே மாதம் அமெரிக்கா இதன் கீழ் விசாரணை கேட்டது. ஆகஸ்டில் மறு ஓட்டெடுப்பு, பழைய கூலி ஒப்பந்தம் தோற்றது. 2022 பிப்ரவரியில் சுயேச்சையான சங்கம் ஜெயித்தது. அந்த மே மாதம் 8.5 சதவீதக் கூலி உயர்வு வாங்கியது. பக்கத்து ஆலைக்கு ஒரு கீறல் இல்லை.

இதிலும் ஒரு கோணல் இருக்கிறது. மெக்சிகோ ஆலை மேல் புகார் போடுவது சுலபம். அமெரிக்க ஆலை மேல் போட வேண்டுமானால், அந்நாட்டுத் தொழிலாளர் வாரியம் ஏற்கெனவே உத்தரவு போட்ட ஆலையாக இருக்க வேண்டும். நடைமுறையில் ஒருவழிப் பாதை. திருக்குவளைக்காரர் இருந்திருந்தால் முதலில் கை வைக்கிற இடம் இதுதான் என்று தோன்றுகிறது. இந்த வழியை அப்படியே வாங்கினால் தலை குனிந்து வாங்கியதாகும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று மனுவில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

ஒப்பந்தத்துக்கு வெளியே ஒரு வழியும் இருக்கிறது: சரக்கு வாங்குகிற கம்பெனியையே கையெழுத்துப் போட வைப்பது. வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24 அன்று ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்த பிறகு, பிராண்டுகளும் சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்றைப் போட்டன. நமக்குப் பக்கத்தில், 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தம். ஓர் இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற பெண்கள் சங்கம், ஆலை நிர்வாகத்தையும் மூன்று பன்னாட்டு பிராண்டுகளையும் பாலியல் தொந்தரவு, சாதிக் கொடுமைக்கு எதிரான ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டது. அந்த ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலைச் சரக்குக்குத் தடை போட்டது. செப்டம்பரில் தடையை எடுத்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் எடுக்க அந்த ஒப்பந்தம் கையில் இருந்தது முக்கியக் காரணம். திருப்பூர் போய்வந்த எங்கள் பெண்களுக்கு இதுதான் பிடித்திருந்தது. புகாரைக் கேட்பவர் பக்கத்து மெஷினில் இருக்கிறார் அல்லவா. ஆனால் அங்கே லேபிளில் பெயர் போட்டு விற்கிற பிராண்டு இருக்கிறது, வெட்கப்பட வைக்கலாம். நம் இறால் லண்டன் கடையில் உறைந்த பொட்டலமாகக் கிடக்கும்போது, வேதாரண்யம் எங்கே தெரியப்போகிறது?

தெரியும் என்பதுதான் விஷயம். ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு இறால் பெட்டியிலும் பதப்படுத்திய ஆலையின் அனுமதி எண் இருக்கும். ஆன்டிபயாடிக் எச்சத்துக்காக 2016 முதல் நம் வளர்ப்பு இறால் சரக்கில் பாதியை அவர்கள் சோதிக்கிறார்கள். அறுவடைக்கு முன்பே குட்டையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதனைச் சான்று வாங்க வேண்டும். மருந்து எச்சம் இருந்தால் பெட்டியிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து குட்டைக்கும் பின்னாலேயே போய்ப் பிடிக்கிற ஏற்பாடு ஏற்கெனவே ஓடுகிறது. அதே நூலைப் பிடித்துக் கூலி பாக்கி வரைக்கும் போக முடியாதா? முடியும் என்றே நினைக்கிறேன். தண்டனை விலாசம் சின்னக் குட்டைக்காரராக இருக்கக் கூடாது, எண் வாங்கிய ஏற்றுமதி ஆலையாக இருக்க வேண்டும். ஏஜெண்டு கூலியை நிறுத்தினால் ஆலைதான் பதில் சொல்ல வேண்டும். "பொய்ப் புகார் போட்டா என் பொழப்பு என்ன ஆவும்?" என்று பயந்த குட்டைக்காரர் இதைக் கேட்டு ஓரளவு சமாதானமானார்.

சுற்றுச்சூழலுக்கு இதே சட்டையைப் போட்டுவிட முடியாது. ஆலை வாசலில் நடப்பது கூலித் தகராறு. உப்பும் சாயமும் வாசலைத் தாண்டிப் போகின்றன. திருப்பூர் சாயக்கழிவு நொய்யல் வழியாகக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. அதை 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி நிறுத்தப் பார்த்தது, நொய்யல் பாசன விவசாயிகள் போட்ட வழக்கில். பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கடைக்காரர் யாரும் போட்ட வழக்கு இல்லை அது. இறாலிலும் அப்படித்தான். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் உள்ள பண்ணைகளை மூடச் சொன்னது. வேலை இழக்கும் தொழிலாளிக்கு ஆறு வருஷக் கூலியைக் கூடுதல் இழப்பீடாகத் தரவும் சொன்னது. நிலத்தையும் கூலியையும் ஒரே கையில் பிடித்த இதுபோன்ற உத்தரவை நான் எந்த வர்த்தக ஒப்பந்தத்திலும் பார்க்கவில்லை. அப்புறம் மறுஆய்வு மனுக்கள் என்று இழுத்து, 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பதிவு செய்தால் பண்ணை நடத்தலாம் என்றாயிற்று. அந்த ஆறு வருஷக் கூலியை வாங்கியவர் யாரையும் எங்கள் பக்கத்தில் நான் சந்தித்ததில்லை.

அதனால் சுற்றுச்சூழலுக்கு ஒப்பந்தத்தில் நான் கேட்பது புதிய தண்டனை இல்லை. வர்த்தகத்தையோ முதலீட்டையோ இழுப்பதற்காக இருக்கிற பாதுகாப்பைத் தளர்த்த மாட்டோம் என்ற வாசகம் இப்போதைய ஒப்பந்தங்களில் வழக்கமாக வருவதுதான். அதை நடுவர் ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்து, மாநிலச் சட்டங்களையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகை மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களிலும் புதிய ஹைட்ரோகார்பன் வேலைகளைத் தடுக்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எண்ணெய்க் கிணறுகளை அது தொடவில்லை. அந்த ஓட்டையோடுதான் வந்தது. இருக்கிற அளவாவது நாளைக்கு ஒரு முதலீட்டாளருக்காகக் கரையாமல் இருக்க வேண்டும். புகார் போடும் உரிமை அரசுகளுக்கு மட்டும் இருந்தால் போதாது, ஆற்றின் கீழ்மடையில் இருக்கும் கிராம சபைக்கும் வேண்டும்.

ஆக, மனுவில் நான்காவது வழியைக் கேட்டிருக்கிறோம், இருபக்கமும் ஒரே அளவாக. அது வரும்வரை திண்டுக்கல் மாதிரி ஒப்பந்தத்துக்கு ஏற்றுமதி ஆலைகளை உட்கார வைக்கத் தொழிலாளர் துறை முன்வர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறோம். நாட்டுக்கே தண்டனை வேண்டாம் என்று சொன்னதில் இளவட்டங்களுக்கு இன்னும் வருத்தம். ஆமைத் தட்டி விஷயத்தில் படகுக்காரர்களுக்குள்ளேயே ஒத்து வராததால், படகு வாரியாகச் சான்று கொடுக்கக் கேட்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

டைப் அடித்து முடித்த பிறகு சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். விரலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டுவிட்டு, "அந்தப் புகாரத் தமிழ்ல எழுதிக் குடுத்தா வாங்கிக்குவானுங்களா?" என்றார். அதை யாருமே யோசிக்கவில்லை. பேனாவால் ஏழாவது கோரிக்கையாக ஓரத்தில் எழுதிச் சேர்த்தோம்.